லாங்ஹார்ன் டிஃபால்ட் செட்டிங் மாற்றியும் மாறவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழி

கன்டெய்னர் அப்ளிகேஷன்களை ஓட்டும் குபெர்நெட்டிஸ் கிளஸ்டரில், டேட்டாவைப் பல கணினிகளில் பிரதியெடுத்து வைக்கும் ஸ்டோரேஜ் மென்பொருளான லாங்ஹார்னைப் போட்டவர்கள் என்னிடம் கொண்டுவரும் கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வேல்யூஸ் கோப்பில் மாற்றினேன், ஹெல்ம் (குபெர்நெட்டிஸில் மென்பொருள் நிறுவும் கருவி) அப்கிரேடும் பிழையில்லாமல் முடிந்தது, ஆனால் வால்யூம் (அப்ளிகேஷனுக்குக் கிடைக்கும் டிஸ்க்) பழையபடியேதான் வருகிறது என்பார்கள். அறிகுறி பலவாக இருந்தாலும் அடியில் இருக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: டிஃபால்ட் என்பது ஒரு பொருள் உருவாகும் நொடியில் மட்டும் வேலை செய்கிறது. அந்த மதிப்பு செட்டிங்கில் ஒரு பிரதி, ஸ்டோரேஜ் கிளாஸில் (புது வால்யூம் எப்படி உருவாக வேண்டும் என்ற விதித்தொகுப்பு) ஒரு பிரதி, நோடின் (கிளஸ்டரில் உள்ள ஒரு கணினி) டிஸ்க்கில் ஒரு பிரதி, கடைசியில் வால்யூமில் ஒரு பிரதி என்று நாலு இடத்தில் தனித்தனியாக உட்கார்ந்துவிடும். மேலே மாற்றினால் கீழே உள்ளது தானாக மாறாது.

அதனால் எதையும் திருத்துவதற்கு முன்னால் இந்த நாலு இடத்திலும் இப்போது என்ன இருக்கிறது என்று குபெர்நெட்டிஸின் கட்டளைக் கருவியான கியூப்சிடிஎல் மூலம் பாருங்கள். எஸ்சி என்பது ஸ்டோரேஜ் கிளாஸ்.

கியூப்சிடிஎல் -என் லாங்ஹார்ன்-சிஸ்டம் கெட் செட்டிங்ஸ்.லாங்ஹார்ன்.ஐஓ
கியூப்சிடிஎல் கெட் எஸ்சி
கியூப்சிடிஎல் -என் லாங்ஹார்ன்-சிஸ்டம் கெட் நோட்ஸ்.லாங்ஹார்ன்.ஐஓ
கியூப்சிடிஎல் -என் லாங்ஹார்ன்-சிஸ்டம் கெட் வால்யூம்ஸ்.லாங்ஹார்ன்.ஐஓ

நோட்ஸ் என்று மட்டும் அடித்தால் குபெர்நெட்டிஸின் சொந்த நோட் பொருளோடு குழம்பும், முழுப் பெயரையும் அடிப்பதுதான் நல்லது. இந்த நாலின் வெளியீட்டையும் ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். பின்னால் யாரையாவது உதவிக்குக் கூப்பிட வேண்டி வந்தால் அவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போங்கள். வால்யூம் ஃபால்ட்டட் என்று காட்டினால் மட்டும் வேறு எதையும் தொடாமல் கடைசித் தலைப்புக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி: பிவிசி பெண்டிங்கிலேயே நிற்கிறது

பிவிசி என்பது அப்ளிகேஷன் தனக்கு வால்யூம் வேண்டும் என்று போடும் கோரிக்கை. முதல் வேலை, கியூப்சிடிஎல் டிஸ்க்ரைப் பிவிசி போட்டு கடைசியில் வரும் ஈவன்ட் வரிகளைப் படியுங்கள். வழி அங்கே பிரிகிறது.

*ஈவன்ட்டில் "முதல் நுகர்வோருக்காகக் காத்திருக்கிறது" என்ற பொருளில் வரி இருந்தால்*

உங்கள் பிவிசி லாங்ஹார்னுக்கே போகவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். லாங்ஹார்ன் கூடவே வரும் ஸ்டோரேஜ் கிளாஸின் பைண்டிங் முறை இமீடியட், அது யாருக்காகவும் காத்திருக்காது. காத்திருப்பது கே3எஸ் (குபெர்நெட்டிஸின் சிறிய வடிவம்) தன்னோடு கொண்டுவரும் லோக்கல்-பாத் கிளாஸ். கெட் எஸ்சி வெளியீட்டில் டிஃபால்ட் என்ற குறி எத்தனை கிளாஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள். லாங்ஹார்ன் நிறுவும்போது தன்னை டிஃபால்ட் ஆக்கிக்கொள்ளும், ஆனால் ஏற்கெனவே டிஃபால்ட்டாக இருந்ததை இறக்கிவிடாது. இரண்டு டிஃபால்ட் இருந்தால் குபெர்நெட்டிஸ் 1.26 முதல் கடைசியாக உருவானதை எடுத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய பதிப்புகள் பிவிசியை ஏற்கவே மறுக்கும்.

சரிசெய்ய, வேண்டாத கிளாஸில் ஸ்டோரேஜ்கிளாஸ்.குபெர்நெட்டிஸ்.ஐஓ/இஸ்-டிஃபால்ட்-கிளாஸ் என்ற அனோட்டேஷனை "ஃபால்ஸ்" ஆக்குங்கள், மேற்கோள் குறியோடு, ஏனென்றால் அது எழுத்துச் சரமாக இருக்க வேண்டும். கே3எஸ்ஸில் இது மட்டும் போதாது. சர்வரை மறுதொடக்கம் செய்தால் கே3எஸ் தன் மேனிஃபெஸ்ட்டை மறுபடி போட்டு லோக்கல்-பாத்தைப் பழையபடி டிஃபால்ட் ஆக்கிவிடும், நீங்கள் இன்று சரிசெய்தது அடுத்த பேட்ச் நாளன்று திரும்பி வந்து நிற்கும். நிரந்தரமாக நிறுத்த சர்வரை டிஸெபிள் லோக்கல்-ஸ்டோரேஜ் என்ற விருப்பத்தோடு ஓட்ட வேண்டும். அதைச் செய்வதற்கு முன் லோக்கல்-பாத்தில் யாருடைய டேட்டாவாவது இருக்கிறதா என்று பிவி (ஏற்கெனவே உருவான வால்யூம்கள்) பட்டியலில் பாருங்கள். இருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள், அப்புறம் இதைச் செய்யுங்கள்.

*ஸ்டோரேஜ் கிளாஸ் பெயரே காலியாக இருந்தால்*

காலி என்பதில் இரண்டு வகை உண்டு. அந்த வரியே பிவிசியின் யாமல் கோப்பில் இல்லையென்றால் டிஃபால்ட் கிளாஸ் பிடித்துக்கொள்ளும். டிஃபால்ட் பின்னால்தான் வந்தது என்றாலும் குபெர்நெட்டிஸ் 1.28இலிருந்து பழைய பிவிசிக்கும் அது நிலையான வசதியாகப் போய்ச் சேருகிறது. ஆனால் வரி இருந்து அதில் வெறும் மேற்கோள் குறிகள் மட்டும் இருந்தால் "எனக்கு டைனமிக் ஸ்டோரேஜ் வேண்டாம்" என்று அர்த்தம், எந்த டிஃபால்ட்டும் அதைத் தொடாது. வேறு யாரோ எழுதிய ஹெல்ம் சார்ட்டுகளில் இந்த வெற்று மேற்கோள் ஒளிந்திருக்கும். பிவிசியில் கிளாஸ் பெயர் ஒருமுறை பதிந்துவிட்டால் திருத்த முடியாது, பிவிசியை அழித்து மறுபடி உருவாக்க வேண்டும். பெண்டிங்கில் இருப்பதில் டேட்டா எதுவும் இல்லை, தயங்காமல் அழிக்கலாம்.

*கிளாஸ் லாங்ஹார்ன்தான், ஆனாலும் பெண்டிங்*

லாங்ஹார்ன்-சிஸ்டம் நேம்ஸ்பேஸில் சிஎஸ்ஐ-புரொவிஷனர், சிஎஸ்ஐ-அட்டாச்சர் பாடுகள் (பாட் என்பது கன்டெய்னர் ஓடும் அலகு) ஓடுகின்றனவா என்று பாருங்கள். அவையே இல்லையென்றால் லாங்ஹார்ன்-டிரைவர்-டிப்ளாயர் பாடின் லாகைப் படியுங்கள். கியூப்லெட்டின் (ஒவ்வொரு நோடிலும் ஓடும் குபெர்நெட்டிஸ் ஏஜென்ட்) ரூட் டைரக்டரி தெரியவில்லை என்று புலம்பினால் ஹெல்மில் சிஎஸ்ஐ பகுதிக்குள் கியூப்லெட்ரூட்டிர் மதிப்பைக் கையால் கொடுங்கள். பொதுவாக அது /வார்/லிப்/கியூப்லெட். கே0எஸ்ஸில் /வார்/லிப்/கே0எஸ்/கியூப்லெட். மைக்ரோகே8எஸ் என்றால் ஸ்னாப் டைரக்டரிக்குள், /வார்/ஸ்னாப்/மைக்ரோகே8எஸ்/காமன்/வார்/லிப்/கியூப்லெட் என்று நீளும்.

அறிகுறி: வேல்யூஸ் கோப்பில் மாற்றினேன், செட்டிங்கில் ஏறவில்லை

*பெயர் சரியா?* செலவே இல்லாத சோதனை இது, பாதிப் பேருக்கு இங்கேயே முடிந்துவிடும். ஹெல்ம் வேல்யூஸில் பெயர்கள் ஒட்டகத் திமில் எழுத்தில், அதாவது டிஃபால்ட்ரெப்ளிகாகவுன்ட் என்று ஒட்டி எழுதப்படும். செட்டிங் பொருளிலும் கான்ஃபிக்மேப்பிலும் (அமைப்புகளைச் சேமிக்கும் குபெர்நெட்டிஸ் பொருள்) அதே பெயர் டிஃபால்ட்-ரெப்ளிகா-கவுன்ட் என்று சிறிய எழுத்தில் கோடு போட்டு வரும். ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் போட்டால் ஹெல்ம் எந்தப் பிழையும் சொல்லாது, தெரியாத சாவியைப் பேசாமல் விழுங்கிவிடும். டிஃபால்ட்செட்டிங்ஸ் என்ற தலைப்புக்குக் கீழே இடைவெளி விட்டு உள்ளே தள்ளி எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

*ஹெல்ம் உங்கள் கோப்பைப் படித்ததா?* ஹெல்ம் கெட் வேல்யூஸ் லாங்ஹார்ன் -என் லாங்ஹார்ன்-சிஸ்டம் போட்டால் நீங்கள் கொடுத்தது மட்டும் வரும். அதில் இல்லையென்றால் -எஃப் விருப்பத்தை மறந்து அப்கிரேடு செய்திருக்கிறீர்கள், அல்லது கோப்பு வேறு.

*கான்ஃபிக்மேப் வரை வந்ததா?* லாங்ஹார்ன்-டிஃபால்ட்-செட்டிங் என்ற கான்ஃபிக்மேப்பைத் திறந்து பாருங்கள். வேல்யூஸில் இருக்கிறது, கான்ஃபிக்மேப்பிலும் இருக்கிறது, செட்டிங்கில் மட்டும் இல்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, உங்கள் லாங்ஹார்ன் பழையது. பழைய பதிப்புகள் இந்தக் கான்ஃபிக்மேப்பை முதல் நிறுவலின்போது மட்டும்தான் படிக்கும், ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில் என்ன எழுதினாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. அங்கே யுஐ (லாங்ஹார்னின் வலைப்பக்கம்) வழியாகவோ செட்டிங் பொருளை நேராகத் திருத்தியோதான் மாற்ற முடியும். இன்னொன்று, மதிப்பு செல்லாதது. லாங்ஹார்ன்-மேனேஜர் லாகில் செட்டிங் பெயரைத் தேடினால் காரணம் கிடைக்கும். சதவீதக் குறி சேர்த்து எழுதுவது, எண் வேண்டிய இடத்தில் சொல் எழுதுவது, இப்படித்தான் இருக்கும்.

*மதிப்பு ஏறியிருக்கிறது, நடைமுறைக்கு வரவில்லை?* சில செட்டிங்குகளை லாங்ஹார்ன் ஆபத்து வளையம் என்றே தனியாக வைத்திருக்கிறது. டெயின்ட் டாலரேஷன், நோட் செலக்டர், பிரையாரிட்டி கிளாஸ், இன்ஸ்டன்ஸ் மேனேஜருக்கான (வால்யூம்களை இயக்கும் பாட்) சிபியூ ஒதுக்கீடு போன்றவை. இவற்றை மாற்றினால் இன்ஸ்டன்ஸ் மேனேஜர் பாடுகள் மறுபடி தொடங்க வேண்டும், வால்யூம் ஏதாவது அட்டாச் ஆகியிருக்கும்போது அதைச் செய்தால் ஓடும் அப்ளிகேஷனின் காலடியிலிருந்து டிஸ்க்கை உருவியதாகிவிடும். அதனால் லாங்ஹார்ன் காத்திருக்கிறது. புதிய பதிப்புகளில் செட்டிங்ஸ் பட்டியலில் அப்ளைடு என்று ஒரு நெடுவரிசை வருகிறது, அதில் ஃபால்ஸ் என்றிருந்தால் இதுதான் கதை. அப்ளிகேஷன்களைப் பூஜ்யத்துக்கு இறக்கி வால்யூம்களை டிட்டாச் செய்தால் தானாக ஏறும். இதற்கு நேரம் குறித்து வேலையை நிறுத்தித்தான் ஆக வேண்டும், பாட்களை ஒவ்வொன்றாகக் கொன்று குறுக்கு வழி தேடாதீர்கள்.

*ஏறியது, ஆனால் மறுபடி பழையதாகிவிட்டது?* இரண்டு பேர் ஒரே செட்டிங்கை எழுதுகிறார்கள். யுஐயில் ஒருவர் மாற்ற, அடுத்த அப்கிரேடில் கான்ஃபிக்மேப் மதிப்பு மேலெழுதிவிடும். ஆர்கோ சிடி, ஃபிளக்ஸ் (கிட் களஞ்சியத்தில் உள்ளதைக் கிளஸ்டரில் தானாக ஏற்றும் கருவிகள்) வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். கிட்டில் வைத்தால் கிட்டில் மட்டும், யுஐ என்றால் யுஐ மட்டும் என்று குழுவில் முடிவெடுங்கள். நான் எப்போதும் கிட் பக்கம்தான், ஏனென்றால் ஆறு மாதம் கழித்து யார், ஏன் மாற்றினார்கள் என்று யுஐ சொல்லாது.

அறிகுறி: ரெப்ளிகா 2 என்று வைத்தேன், புது வால்யூமிலும் 3 வருகிறது

இந்தத் தொகுப்பிலேயே அதிகம் பேரை அலைக்கழிக்கும் கோளாறு இது. ரெப்ளிகா என்பது வால்யூமின் ஒரு முழுப் பிரதி.

டிஃபால்ட்-ரெப்ளிகா-கவுன்ட் என்ற செட்டிங் யுஐயில் கையால் உருவாக்கும் வால்யூம்களுக்கும், ரெப்ளிகா எண்ணிக்கையைத் தன்னிடம் எழுதி வைக்காத ஸ்டோரேஜ் கிளாஸுக்கும்தான். லாங்ஹார்னோடு வரும் லாங்ஹார்ன் என்ற பெயருடைய கிளாஸ் நம்பர்ஆஃப்ரெப்ளிகாஸ் என்ற அளவுருவில் 3 என்று தானே எழுதி வைத்திருக்கிறது. பிவிசி வழியாக வரும் ஒவ்வொரு வால்யூமும் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். உங்கள் செட்டிங்கைக் கேட்கவே கேட்காது.

மாற்ற வேண்டியது ஹெல்மில் பெர்சிஸ்டென்ஸ் பகுதிக்குள் இருக்கும் டிஃபால்ட்கிளாஸ்ரெப்ளிகாகவுன்ட். இரண்டையும் ஒரே எண்ணில் வைத்துவிடுங்கள், அப்போதுதான் யுஐ வழியாக வந்தாலும் பிவிசி வழியாக வந்தாலும் ஒரே மாதிரி இருக்கும். ஸ்டோரேஜ் கிளாஸின் அளவுருக்களை நேராகத் திருத்தக் குபெர்நெட்டிஸ் விடாது, கியூப்சிடிஎல் எடிட் போட்டால் பிழைதான் வரும். லாங்ஹார்ன் தன் கிளாஸை லாங்ஹார்ன்-ஸ்டோரேஜ்கிளாஸ் என்ற கான்ஃபிக்மேப்பிலிருந்து உருவாக்குகிறது, ஹெல்ம் அதை மாற்றும், மேனேஜர் கிளாஸை அழித்துப் புதிதாகப் போடும். கிளாஸை அழிப்பதால் ஏற்கெனவே இருக்கும் வால்யூம்களுக்கு ஒன்றும் ஆகாது. எனக்குப் பிடித்த வழி வேறு: உள்ளே வரும் கிளாஸைத் தொடாமல், வேண்டிய அளவுருக்களோடு சொந்தப் பெயரில் ஒரு கிளாஸ் எழுதி அதை டிஃபால்ட் ஆக்கிவிட்டு, பெர்சிஸ்டென்ஸ் பகுதியில் டிஃபால்ட்கிளாஸை ஃபால்ஸ் ஆக்குவது. அப்கிரேடு வந்து எதையும் கலைக்காது.

பழைய வால்யூம்கள்? அவற்றின் எண்ணிக்கை அவற்றுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. யுஐயில் வால்யூமைத் தேர்ந்தெடுத்து ரெப்ளிகா எண்ணிக்கையை மாற்றுங்கள், ஓடும்போதே செய்யலாம். குறைத்த பிறகும் உபரி ரெப்ளிகா அப்படியே நின்றால், வால்யூம் ஹெல்தி என்று உறுதிசெய்துகொண்டு அதில் ஒன்றைக் கையால் நீக்குங்கள். எந்த நோடில் உள்ளதை நீக்குகிறீர்கள் என்று இரண்டு முறை பாருங்கள்.

அறிகுறி: வால்யூம் எப்போதும் டிகிரேடட்

கேட்ட எண்ணிக்கையில் நல்ல ரெப்ளிகா இல்லை என்பதுதான் டிகிரேடட். நோடுகளை எண்ணுங்கள். ரெப்ளிகா 3, நோட் 2 என்றால் மூன்றாவது ரெப்ளிகாவுக்கு இடமே இல்லை, ஏனென்றால் ஒரே வால்யூமின் இரண்டு ரெப்ளிகாவை ஒரே நோடில் வைக்க டிஃபால்ட்டாக அனுமதி கிடையாது. வால்யூம் வேலை செய்யும், மஞ்சள் நிறம் மட்டும் போகாது. தீர்வு எண்ணிக்கையை நோடுகளுக்கு ஏற்றபடி குறைப்பது அல்லது நோட் சேர்ப்பது. ரெப்ளிகா-சாஃப்ட்-ஆன்டி-அஃபினிட்டியை ட்ரூ ஆக்கினால் உடனே பச்சையாகிவிடும் என்று சிலர் சொல்லித் தருவார்கள். தயவுசெய்து அதற்காக மட்டும் செய்யாதீர்கள். ஒரே நோடில் இரண்டு பிரதி இருந்தால் அந்த நோட் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும், திரை மட்டும் ஹெல்தி என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

நோட் போதுமான அளவு இருந்தும் டிகிரேடட் என்றால், ஒரு நோட் இப்போதுதான் விழுந்து எழுந்ததா என்று பாருங்கள். லாங்ஹார்ன் உடனே புது ரெப்ளிகா கட்டாது. ரெப்ளிகா-ரெப்ளனிஷ்மென்ட்-வெயிட்-இன்டர்வல் டிஃபால்ட்டாக 600 விநாடி, அதாவது 10 நிமிடம், பழைய ரெப்ளிகா திரும்பி வருமா என்று காத்திருக்கும். இது நல்ல டிஃபால்ட். பொறுமையில்லாமல் பூஜ்யமாக்கினால் ஒவ்வொரு ரீபூட்டுக்கும் முழு டேட்டாவும் நெட்வொர்க்கில் ஓடும். அதையும் தாண்டி நின்றால் அடுத்த தலைப்பு.

அறிகுறி: டிஸ்க்கில் இடம் இருக்கிறது, ஆனால் ரெப்ளிகா ஷெட்யூல் ஆகவில்லை

இங்கே மூன்று எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 500 ஜிபி டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

டிஃபால்ட் டிஸ்க்குக்கான ஒதுக்கீடு 30 சதவீதம், அதனால் 150 ஜிபி லாங்ஹார்ன் தொடாது. மீதி 350. ஓவர் புரொவிஷனிங் 100 சதவீதம் என்றால் மொத்தம் 350 ஜிபி அளவுக்குத்தான் ரெப்ளிகாக்கள் வரலாம். இந்தக் கணக்கு வால்யூமின் பெயரளவை வைத்து, உள்ளே எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள் என்பதை வைத்து அல்ல. 200 ஜிபி வால்யூம் ஒன்றில் 3 ஜிபி மட்டும் இருந்தாலும் 200 போனது போனதுதான், அடுத்த 200 ஜிபி வால்யூமுக்கு அந்த டிஸ்க்கில் இடம் கிடைக்காது. டிஎஃப் கட்டளை 400 ஜிபிக்கு மேல் காலி என்று காட்டும், லாங்ஹார்ன் இடமில்லை என்று சொல்லும், இரண்டுமே உண்மை. மூன்றாவது, குறைந்தபட்சக் காலியிடம் 25 சதவீதம்: நிஜமாகக் காலியாக இருப்பது 125 ஜிபிக்குக் கீழே போனால் அந்த டிஸ்க்கில் புது ரெப்ளிகா வராது.

எது தடுக்கிறது என்பதைப் பொறுத்து வழி மாறும்.

*பெயரளவு நிரம்பியிருந்தால்* ஸ்டோரேஜ்-ஓவர்-புரொவிஷனிங்-பர்சென்டேஜை உயர்த்தலாம். முன்பு இதன் டிஃபால்ட் 200 ஆக இருந்தது, பிறகு 100 ஆனது, அதனால் புதிதாகப் போட்ட கிளஸ்டரில் மட்டும் இந்தத் தொல்லை வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். உயர்த்தினால் டிஸ்க்கின் நிஜ நிரப்பைக் கண்காணிக்க அலர்ட் இருக்க வேண்டும். இல்லாமல் உயர்த்துவது எனக்கு உடன்பாடு இல்லை.

*நிஜ இடமே குறைவு என்றால்* ஸ்னாப்ஷாட்டுகளைப் பாருங்கள். வால்யூமின் உண்மையான அளவு பெயரளவை மீறி வளர்ந்திருந்தால் அவைதான். ஒவ்வொரு பேக்கப்பும், ஒவ்வொரு ரெப்ளிகா ரீபில்டும் ஸ்னாப்ஷாட் ஒன்றை விட்டுவிட்டுப் போகக்கூடும். தேவையில்லாததை யுஐயில் நீக்கி, ஃபைல்சிஸ்டம் டிரிம் ஓட்டி, இனிமேல் தானாகச் சுத்தமாக ரெக்கரிங் ஜாப் ஒன்று வையுங்கள். டிஸ்க் டைரக்டரிக்குள் போய் .ஐஎம்ஜி கோப்புகளை ஆர்எம் போட்டு அழிக்கவே கூடாது. அவை ஒன்றன்மேல் ஒன்று சங்கிலியாகக் கோத்தவை, ஒன்றை உருவினால் ரெப்ளிகா முழுதும் போய்விடும்.

இதெல்லாம் பார்த்தும் போதவில்லை என்றால் டிஸ்க் வாங்க வேண்டியதுதான். ஒதுக்கீட்டையும் குறைந்தபட்சக் காலியிடத்தையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து ஒரு மாதம் தள்ளிப்போடுவது, டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் நிரம்புவதில் போய் முடியும்.

அறிகுறி: தனி டிஸ்க் போட்டும் டேட்டா ரூட் டிஸ்க்கில் விழுகிறது

டிஃபால்ட் இடம் /வார்/லிப்/லாங்ஹார்ன். டிஃபால்ட்-டேட்டா-பாத்தை மாற்றினால் அதற்குப் பிறகு சேரும் நோடுகளுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே டிஸ்க் பதிவான நோடுகள் பழைய இடத்திலேயே இருக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் ரூட் டிஸ்க் நிரம்பி, காலியிடம் 10 சதவீதத்துக்குக் கீழே போகும்போது கியூப்லெட் டிஸ்க் பிரஷர் அறிவித்துப் பாட்களை வெளியேற்றத் தொடங்கும், அப்போது லாங்ஹார்ன் மட்டுமல்ல, அந்த நோடில் உள்ள எல்லாமே ஆட்டம் காணும்.

பழைய நோடுகளில்: யுஐயில் நோடைத் திருத்தி, புது டிஸ்க்கின் மவுன்ட் பாதையைச் சேருங்கள். பழைய டிஸ்க்கில் ஷெட்யூலிங்கை அணைத்து, எவிக்‌ஷனைக் கேளுங்கள். ரெப்ளிகாக்கள் மெல்ல நகரும். எண்ணிக்கை பூஜ்யம் ஆனபிறகு பழையதை நீக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு நோட் போதும்.

புது நோடுகளில்: கிரியேட்-டிஃபால்ட்-டிஸ்க்-லேபிள்டு-நோட்ஸ் செட்டிங்கை ட்ரூ ஆக்கினால் நோட்.லாங்ஹார்ன்.ஐஓ/கிரியேட்-டிஃபால்ட்-டிஸ்க் என்ற லேபிள் உள்ள நோடில் மட்டும்தான் டிஸ்க் உருவாகும். எனக்குக் கேட்டால் இது முதல் நாளிலேயே செய்ய வேண்டியது. டிஸ்க்கை மவுன்ட் செய்து சரிபார்த்தபிறகு லேபிள் போடலாம், அவசரத்தில் ரூட்டில் போய் உட்காராது.

ரீபூட்டுக்குப் பின் டிஸ்க் தயாரில்லை, டிஸ்க் யுயுஐடி பொருந்தவில்லை என்று வந்தால் மவுன்ட் ஏறவில்லை என்று அர்த்தம். லாங்ஹார்ன் ஒவ்வொரு டிஸ்க்கிலும் லாங்ஹார்ன்-டிஸ்க்.சிஎஃப்ஜி என்ற கோப்பில் அடையாளத்தை எழுதி வைத்திருக்கிறது, மவுன்ட் இல்லாத வெறும் டைரக்டரியில் அது இருக்காது. எஃப்எஸ்டேபைச் சரிசெய்து மவுன்ட் செய்தால் திரும்பிவிடும். அந்த அடையாளக் கோப்பை நீங்களே உருவாக்கி ஏமாற்றப் பார்க்காதீர்கள்.

அறிகுறி: வால்யூம் அட்டாச் அல்லது மவுன்ட் ஆகவில்லை

இது செட்டிங் கோளாறு போலத் தெரியும், ஆனால் நோடின் அடிப்படை மென்பொருள்தான் காரணமாக இருக்கும். அந்த நோடில் ஓப்பன்-ஐஎஸ்சிஎஸ்ஐ நிறுவி ஐஎஸ்சிஎஸ்ஐடி ஓடுகிறதா? ஒரு நோடில் மட்டும் மறந்திருந்தால் பாட் அங்கே போகும்போது மட்டும் பிழை வரும், இதனால்தான் "சில சமயம் வருகிறது" என்று தோன்றும். பலர் ஒரே நேரத்தில் எழுதும் வால்யூமுக்கு மட்டும் சிக்கல் என்றால் என்எஃப்எஸ் கிளையன்ட் இல்லை. "ஏற்கெனவே மவுன்ட் ஆகியிருக்கிறது அல்லது பிஸி" என்று வந்தால் மல்டிபாத்டி லாங்ஹார்னின் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, /இடிசி/மல்டிபாத்.கான்ஃப் கோப்பின் விலக்குப் பட்டியலில் எஸ்டி எனத் தொடங்கும் டிவைஸ்களைச் சேர்த்து மல்டிபாத்டியை மறுதொடக்கம் செய்யுங்கள். நோடில் நிஜமாகவே மல்டிபாத் வழியாக வரும் சான் (நெட்வொர்க் ஸ்டோரேஜ்) டிஸ்க் இருந்தால் இதை நீங்களே செய்ய வேண்டாம், அதைப் பராமரிப்பவரைக் கூப்பிடுங்கள்.

புதிய பதிப்புகளில் லாங்ஹார்ன்சிடிஎல் செக் ப்ரீஃப்ளைட் என்ற கட்டளை இவற்றையெல்லாம் எல்லா நோடிலும் ஒரே ஓட்டத்தில் பார்த்துச் சொல்லிவிடும்.

அறிகுறி: டெயின்ட் போட்ட நோடில் லாங்ஹார்ன் பாதி மட்டும் வருகிறது

டெயின்ட் என்பது நோடில் பாட்கள் வராமல் தடுக்கும் குறி, டாலரேஷன் அதை மீறி வர அனுமதி. டாலரேஷனை இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டும், ஒன்றில் மட்டும் கொடுத்திருப்பீர்கள். மேனேஜர், டிரைவர் டிப்ளாயர், யுஐ ஆகியவற்றுக்கு ஹெல்மில் அவற்றின் சொந்தப் பகுதிக்குள். இன்ஸ்டன்ஸ் மேனேஜர், எஞ்சின் இமேஜ், சிஎஸ்ஐ பாடுகளுக்கு டெயின்ட்-டாலரேஷன் செட்டிங்கில், ஒன்றுக்கு மேல் இருந்தால் அரைப்புள்ளி போட்டுப் பிரித்து. இது ஆபத்து வளையத்தில் உள்ளது, மேலே சொன்ன டிட்டாச் விதி பொருந்தும்.

அறிகுறி: நோட் விழுந்தால் பாட் வேறு நோடுக்குப் போகவில்லை

முதலில் காத்திருங்கள். தொடர்பு அறுந்த நோடிலிருந்து பாட்களை வெளியேற்றக் குபெர்நெட்டிஸ் 300 விநாடி எடுத்துக்கொள்ளும். அப்புறமும் ஸ்டேட்ஃபுல்செட் பாட் டெர்மினேட்டிங்கிலேயே நின்றால் நோட்-டவுன்-பாட்-டெலிஷன்-பாலிசியைப் பாருங்கள். அதன் டிஃபால்ட் எதுவும் செய்யாதே என்பது. ஸ்டேட்ஃபுல்செட், டிப்ளாய்மென்ட் இரண்டின் பாட்களையும் நீக்கு என்ற மதிப்புக்கு மாற்றினால் லாங்ஹார்னே சிக்கிய பாட்களை வலுக்கட்டாயமாக நீக்கி வால்யூமை விடுவிக்கும்.

*நேர்மாறாக, நோடை டிரெயின் (பாட்களை வெளியேற்றிக் காலி செய்வது) செய்யும்போது முடியாமல் சிக்கினால்* அது பெரும்பாலும் கோளாறு அல்ல, காவல். நோட்-டிரெயின்-பாலிசியின் டிஃபால்ட், கடைசி நல்ல ரெப்ளிகா உள்ள நோடை விடமாட்டேன் என்பது. எந்த வால்யூமின் கடைசிப் பிரதி அங்கே இருக்கிறது என்று பார்த்து, இன்னொரு நோடில் ஒன்று கட்டி முடித்துவிட்டு டிரெயின் செய்யுங்கள். பாலிசியை எப்போதும் அனுமதி என்று மாற்றிவிட்டு மறந்துபோவதற்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன்.

அறிகுறி: பேக்கப் டார்கெட் கிடைக்கவில்லை என்கிறது

முகவரியின் வடிவம் எஸ்3://பக்கெட்@ரீஜன்/ என்று இருக்க வேண்டும், கடைசிச் சாய்கோடு உட்பட. சாவிகள் உள்ள சீக்ரெட் லாங்ஹார்ன்-சிஸ்டம் நேம்ஸ்பேஸிலேயே இருக்க வேண்டும், செட்டிங்கில் அதன் பெயர் மட்டும். மினியோ போலச் சொந்த சர்வர் என்றால் சீக்ரெட்டில் எண்ட்பாயிண்ட் முகவரியும் சேர வேண்டும். 1.8 பதிப்புக்கு வந்தபின் உடைந்ததா? பேக்கப் அமைப்புகள் டிஃபால்ட்செட்டிங்ஸிலிருந்து டிஃபால்ட்பேக்கப்ஸ்டோர் என்ற தனிப் பகுதிக்கு நகர்ந்துவிட்டன, வேல்யூஸ் கோப்பை அதற்கேற்ப மாற்றுங்கள்.

அறிகுறி: பிவிசியை அழித்தேன், டேட்டாவும் போய்விட்டது

லாங்ஹார்ன் கிளாஸின் ரிக்ளெயிம் பாலிசி டிஃபால்ட்டாக டெலீட். பேக்கப் இருந்தால் யுஐயில் பேக்கப் பக்கத்திலிருந்து அதே பெயரில் வால்யூமை மீட்டு, பிவியும் பிவிசியும் உருவாக்கலாம். முக்கியமான டேட்டாவுக்கு ரிட்டெயின் வைத்த தனிக் கிளாஸ் எழுதுங்கள். ஏற்கெனவே இருக்கும் பிவிகளில் கிளாஸை மாற்றுவது எட்டாது, ஒவ்வொரு பிவியிலும் பாலிசியை பேட்ச் செய்ய வேண்டும், அது உடனே நடக்கும்.

அறிகுறி: வால்யூம் ஃபால்ட்டட்

எல்லா ரெப்ளிகாவும் தோல்வி என்று லாங்ஹார்ன் முடிவுகட்டிவிட்டது. டேட்டா போய்விட்டது என்று இன்னும் அர்த்தம் இல்லை. ஆனால் இப்போது நீங்கள் செய்வதால் போகலாம்.

பாட் எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். எல்லா நோடும் எழுந்து நிற்கின்றனவா, டிஸ்க்குகள் மவுன்ட் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். மின்சாரம் போய் எல்லா நோடும் ஒன்றாக விழுந்திருந்தால் ஆட்டோ சால்வேஜ் என்ற செட்டிங், டிஃபால்ட்டாகவே ட்ரூ, நோடுகள் திரும்பியதும் நல்ல ரெப்ளிகாவைத் தேர்ந்தெடுத்து வால்யூமைத் தானே மீட்கும். அணைத்து வைத்திருந்தால் யுஐயில் சால்வேஜ் என்று ஒரு வழி கிடைக்கும்.

அதுவும் ஆகவில்லை என்றால் இங்கே நிறுத்துங்கள். ரெப்ளிகாக்களை நீக்காதீர்கள், லாங்ஹார்னை அகற்றி மறுபடி நிறுவாதீர்கள், பழைய பதிப்புக்கு இறக்க முயலாதீர்கள், பதிப்பை இறக்குவதை லாங்ஹார்ன் ஆதரிப்பதே இல்லை. கெர்னல் லாகில் டிஸ்க்கின் படிப்புப் பிழைகள் வந்தாலோ, ஸ்மார்ட் சோதனை தோற்றாலோ, சால்வேஜ் செய்த வால்யூமில் ஃபைல்சிஸ்டம் சேதம் என்று வந்தாலோ, பேக்கப்பும் இல்லை என்றாலோ, ஸ்டோரேஜ் தெரிந்த ஆளைக் கூப்பிடும் நேரம் இதுதான். கூப்பிடுவதற்கு முன் யுஐயின் அடியில் உள்ள சப்போர்ட் பண்டில் இணைப்பை அழுத்தி அந்த ஜிப் கோப்பை எடுத்து வையுங்கள், ஒவ்வொரு நோடிலும் லாங்ஹார்ன் டைரக்டரிக்குள் உள்ள ரெப்ளிகாஸ் கோப்புறையை வேறு டிஸ்க்குக்கு அப்படியே நகலெடுங்கள். ஒரே ஒரு நல்ல ரெப்ளிகா கோப்புறை மிஞ்சியிருந்தால்கூட அதிலிருந்து வால்யூமை வெளியே எடுக்க வழி இருக்கிறது, லாங்ஹார்ன் ஆவணத்திலேயே அதற்கான முறை உண்டு. நகல் கையில் இருந்தால் வருகிறவர் நிதானமாக முயலலாம், ஒரு முயற்சி தவறினாலும் அடுத்தது மிச்சமிருக்கும்.